பணம் எப்படி வந்தது என்று கேட்டால், எந்தப் பணத்தைக் கொண்டுபோவது?

வீடு வாங்கும்போதோ ஒரு தொழிலில் பங்கு எடுக்கும்போதோ, பெரிய தொகையை, வாங்கல் விற்றலைக் கையாளும் வழக்கறிஞரின் கணக்குக்கு அனுப்பப் போகும் நேரத்தில் ஒரு கேள்வி வரும்: இந்தப் பணம் உங்களிடம் எப்படி வந்தது? கேட்டதும் பலருக்குச் சுருக்கென்று இருக்கும். பாடுபட்டுச் சேர்த்ததை ஒருவர் சந்தேகிக்கிறாரே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் கேட்பவர் தன் விருப்பத்துக்காகக் கேட்கவில்லை. 1989-இல் ஜி-7 நாடுகள் பாரிஸ் மாநாட்டில் உருவாக்கிய நிதி நடவடிக்கைப் பணிக்குழு, கறுப்புப் பணம் வெள்ளையாவதைத் தடுக்கச் சில விதிமுறைகளை வகுத்தது. தொடக்கத்தில் அவை முக்கியமாக வங்கிகளுக்கானவை. 2003 திருத்தத்தில் சொத்து வாங்கல் விற்றலைக் கையாளும் வழக்கறிஞர்கள், நோட்டரிகள், வீட்டுத் தரகர்கள் ஆகியோரும் உள்ளே கொண்டுவரப்பட்டார்கள். அதைச் சட்டமாக்கிய நாடுகளில், கேட்காமல் விட்டால் வழக்கறிஞரே மாட்டிக்கொள்வார்.

சரி, கேட்கத்தான் போகிறார்கள். அப்படியானால் நாம் முடிவு செய்ய வேண்டியது, எந்தப் பணத்தைக் காட்டுவது என்பதை. பெரும்பாலானவர்களுக்குப் பணம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சேமிப்புக் கணக்கில் கொஞ்சம், பங்குகளில் கொஞ்சம், அப்பா அம்மா தருகிறேன் என்று சொன்னது கொஞ்சம். எதை எடுப்பது என்று யோசிக்கும்போது வட்டி எவ்வளவு போகும், வரி எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுகிறோம். எதை நிரூபிப்பது சுலபம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. நான் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இரண்டு மாத வட்டி போனால் போகட்டும். காகிதம் கிடைக்காமல் விற்பவர் பொறுமையிழந்து வேறு ஆளிடம் போய்விட்டால், கொடுத்த முன்பணமும் சேர்ந்து போகலாம்.

ஓர் ஆளை மனதில் வைத்துக்கொள்வோம். அவர் வாங்கும் வீட்டின் விலையை 100 பங்காக வைத்துக்கொள்வோம். வங்கி 60 தருகிறது. மீதி 40-ஐ அவர் கொண்டுவர வேண்டும். சம்பளத்தில் சேர்த்தது 15. பங்குச் சந்தையில் போட்டதை விற்றால் 8. பெற்றோர் கொடுப்பது 12. அண்ணன் கைமாற்றாகத் தருவது 5. பகுதிநேர வேலையில் கூலியாக வாங்கி வீட்டிலேயே வைத்திருக்கும் ரொக்கம் 5. கிரிப்டோ என்ற மின்னணு நாணயத்தில் 4. மொத்தம் 49 இருக்கிறது, தேவை 40. இதில் எந்த 40?

அளந்து பார்க்க ஓர் அளவுகோல்

வழக்கறிஞர் உண்மையில் கேட்பவை இரண்டு. இந்தக் குறிப்பிட்ட தொகை எங்கிருந்து இங்கே வந்தது என்பது ஒன்று. இவ்வளவு பணம் சேரும் அளவுக்கு உங்களுக்கு என்ன வருவாய் என்பது இன்னொன்று. எல்லாரிடமும் முதலாவது கேட்கப்படலாம். இரண்டாவது, தொகை பெரிதாகும்போதும், நீங்கள் அரசியல் பதவியில் இருப்பவராகவோ அவருடைய நெருங்கிய உறவினராகவோ இருக்கும்போதும் அழுத்திக் கேட்கப்படும். “என் வங்கிக் கணக்கிலிருந்து வந்தது” என்பது முதல் கேள்விக்கே முழுப் பதில் ஆகாது. கணக்கு என்பது பணம் தங்கிய இடம். அது அங்கே எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

ஆகவே ஒவ்வொரு தொகையையும் நான் இரண்டு விதமாக அளப்பேன். பணம் பிறந்த இடத்துக்கும் வழக்கறிஞரின் கணக்குக்கும் நடுவே எத்தனை கை மாறியிருக்கிறது? ஒவ்வொரு கை மாறலுக்கும், அது நடந்தபோதே வேறொருவர் எழுதிய காகிதம் இருக்கிறதா? “அது நடந்தபோதே”, “வேறொருவர்” என்ற இரண்டும் முக்கியம். இன்று உட்கார்ந்து நாமே எழுதும் விளக்கக் கடிதம், அன்றைக்கு வங்கி அச்சிட்ட ஒரு வரிக்கு ஈடாகாது.

சம்பளமும் விற்ற சொத்தும்

சம்பளச் சேமிப்பு எளிது என்பது தெரிந்ததே. சம்பளச் சீட்டில் உள்ள தொகை மாதாமாதம் கணக்கில் ஏறியிருக்கும், கையில் மிஞ்சியது சேர்ந்துகொண்டே வந்திருக்கும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். ஆனால் அந்த ஆறு மாதத்தின் முதல் நாளிலேயே கணக்கில் 13 பங்கு இருந்தால், அது எப்போது சேர்ந்தது என்று இன்னும் பின்னோக்கிக் கேட்கலாம். சேமித்தவர் கணக்கைப் பல வங்கிகளுக்கு மாற்றியிருந்தால் இங்கேதான் சிக்கல். மூடிய கணக்கின் பழைய ஸ்டேட்மென்ட்டை வங்கி என்றென்றும் வைத்திருக்காது. பணிக்குழுவின் விதிப்படி பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். ஒரு கணக்கை மூடுவதாக இருந்தால், மூடுவதற்கு முன்பே அதன் முழு வரலாற்றையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

நிரந்தர வைப்பிலும் இதே கதைதான். முதிர்வுச் சீட்டு பணம் திரும்பி வந்ததைத்தான் காட்டும். போட்ட பணம் எது என்று கேட்டால் பழைய ஸ்டேட்மென்ட்டைத் தேட வேண்டியிருக்கும்.

சம்பளத்தைவிட எளிதாக நிரூபிக்கக்கூடியது ஒன்று உண்டு: சமீபத்தில் விற்ற சொத்து. பழைய வீட்டை விற்ற பத்திரம், அதிலிருந்த கடனை அடைத்த கணக்கு, மீதித் தொகை வங்கியில் ஏறிய வரி. மூன்றே காகிதம், எல்லாமே பிறர் எழுதியவை. பங்குகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். விற்றதற்குத் தரகு நிறுவனத்தின் குறிப்பு இருக்கிறது, வாங்கியதற்கும் இருக்கிறது. வாங்கிய பணம் சம்பளக் கணக்கிலிருந்து போயிருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அதனால் நம் ஆளுக்கு 15-உம் 8-உம் நிச்சயம்.

தங்கம் வேறு. விற்ற ரசீது கிடைக்கும், ஆனால் அந்த நகை உங்களுடையது என்பதற்குக் காகிதம் இருக்காது. காப்பீட்டுப் பட்டியல், பழைய மதிப்பீட்டுச் சான்று, வாங்கிய பில் ஏதாவது இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நேரம் பிடிக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

உயில் வழி வந்த பணம் சமீபத்தியதானால் கவலையே வேண்டாம். நீதிமன்றச் சான்றும், சொத்தைப் பிரித்துக் கொடுத்தவரின் கடிதமும், வரவும் போதும்.

பெற்றோர் தரும் பணம்: அன்பளிப்பா, கடனா, பங்கா?

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். காகிதம் கடினமாக இருப்பது காரணமில்லை. வீட்டுக்குள் யாரும் வாய்திறந்து பேசாததுதான் காரணம். “எடுத்துக்கோ, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொல்லிக் கொடுக்கும் பணத்துக்கு மூன்று விதமான அர்த்தம் இருக்க முடியும். வழக்கறிஞரும் கடன் தரும் வங்கியும் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்.

அன்பளிப்பு என்றால், கொடுப்பவர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும்: இது திரும்பி வர வேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கு இல்லை என்று. அதோடு முடியாது. அந்தப் பணம் அவருக்கு எப்படி வந்தது என்பதையும் அவர் காட்ட வேண்டியிருக்கும், அடையாளச் சான்றும் தர வேண்டும். பணத்தின் கதை இப்போது உங்கள் கணக்கில் தொடங்குவதில்லை, அவருடைய ஓய்வூதியத்திலோ அவர் விற்ற நிலத்திலோ தொடங்குகிறது. பெரியவர்களுக்குத் தங்கள் கணக்கு விவரத்தைப் பிள்ளைகளிடம் காட்டுவதில் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆவணங்களை நேராக வழக்கறிஞருக்கே அனுப்பலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள், நீங்கள் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

கடன் என்றால் கடன் என்று சொல்லுங்கள். இங்கே ஒரு ஆசை வரும். கடன் என்று சொன்னால் வங்கி அதை உங்கள் மற்ற கடன்களோடு சேர்த்துக் கணக்கிட்டு 60-ஐ 55 ஆக்கிவிடும், சில வங்கிகள் கடன் வாங்கிய முன்பணத்தை ஏற்கவே மாட்டா. அன்பளிப்பு என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, பிறகு நமக்குள் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அது வங்கியிடம் பொய் சொல்வது என்பதோடு, கொடுத்தவரையும் ஆபத்தில் தள்ளுகிறது. நாளை உங்கள் மணவாழ்க்கை முறிந்து சொத்தைப் பிரிக்க நேர்ந்தாலோ, நீங்கள் திவாலானாலோ, கொடுத்தவர் இறந்து உடன்பிறந்தவர்கள் கணக்குக் கேட்டாலோ, எல்லார் கண்ணும் அந்தக் கடிதத்தின் மேல்தான் இருக்கும். “திரும்ப வேண்டாம்” என்று கையெழுத்திட்ட பெற்றோர், தங்கள் முதுமைக்கு வைத்திருந்த பணத்தை அந்த ஒரே வரியில் இழக்கலாம்.

மூன்றாவது வழி, கொடுப்பவரையும் சொத்தில் பங்குதாரராகச் சேர்ப்பது. பெற்றோரின் சேமிப்பில் பெரும்பகுதி இதற்குள் போகிறதென்றால் இதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. வரி, வாரிசு உரிமை, வங்கியின் சம்மதம் என்று வேலை கூடும், உண்மைதான். ஆனாலும் எந்தக் காகிதம் எளிது என்று பார்த்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. குடும்பத்துக்குள் உண்மையில் என்ன பேச்சோ அதைத் தேர்ந்தெடுங்கள். இதுவரை பேசவில்லை என்றால், வழக்கறிஞர் கேட்பதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

“ஆறு மாதம் முன்பே என் கணக்குக்கு மாற்றிவிட்டால் என் பணம் போலவே தெரியுமே” என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்டேட்மென்ட்டில் 12 பங்கு ஒரே நாளில் ஏறியது தெரியாமல் போகுமா? தெரியும்போது, முன்பே சொல்லாதது ஏன் என்ற புதுக் கேள்வியும் சேர்ந்துகொள்ளும். முன்கூட்டி அனுப்புவது தவறில்லை, மறைப்பதற்காக அனுப்புவதுதான் தவறு. பெற்றோர் நேரடியாக வழக்கறிஞரின் கணக்குக்கு அனுப்புவதா, உங்கள் கணக்கு வழியாகவா என்பதை அவரிடம் கேட்டபிறகே செய்யுங்கள். தெரியாத மூன்றாம் நபரிடமிருந்து வந்த பணத்தைச் சில அலுவலகங்கள் தொடவே தொடா.

சொந்தத் தொழில் வைத்திருப்பவர்களுக்கு

நிறுவனத்தின் பணம் உங்கள் பணம் இல்லை, நூறு சதவீதப் பங்கும் உங்களுடையதாக இருந்தாலும். நிறுவனக் கணக்கிலிருந்து நேராக வீட்டுக்கு அனுப்பினால், அது மூன்றாம் நபர் பணமாகத்தான் பார்க்கப்படும். சம்பளமாகவோ லாப ஈவாகவோ முறைப்படி எடுத்து, வரி காட்டி, பிறகு பயன்படுத்துவது மெதுவான வழி. ஆனால் காகிதம் தானாக உருவாகிவிடும். தணிக்கை செய்த கணக்கும் வரித் தாக்கலும் சேர்ந்தால் வலுவான சான்று. ஆடிட்டர் கடிதம் மட்டும் தனியாக நின்றால் அவ்வளவு வலு இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம்

அங்கே உழைத்த பணத்தை இங்கே கொண்டுவருகிறீர்கள் என்றால், வழி மூன்று. வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்புவது செலவு கூடியது, தடம் தெளிவானது. உரிமம் பெற்ற பணப் பரிமாற்ற நிறுவனம் மலிவு. அவர்களும் ரசீது தருகிறார்கள், அனுப்பியவர் பெயர் பெறுபவரின் ஸ்டேட்மென்ட்டில் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது உண்டியல், ஹவாலா. அங்கே ஒருவரிடம் கொடுத்து இங்கே ஒருவரிடம் வாங்குவது. இது பல நாடுகளில் சட்டவிரோதம். அதைவிட வருத்தமானது, நேர்மையாக உழைத்த பணம்கூட இந்த வழியில் வந்தால் தன் பிறப்புச் சான்றைத் தொலைத்துவிடுகிறது. அங்கே சம்பளம் வாங்கியதற்குக் காகிதம் இருக்கும், இங்கே பணம் வந்ததற்கும் இருக்கும், இரண்டும் ஒரே பணம் என்பதற்கு எதுவும் இருக்காது.

பணிக்குழு அதிக ஆபத்துள்ளவை என்று பட்டியலிட்ட நாடுகளோடு தொடர்புள்ள பணம் என்றால் சோதனை இன்னும் கடுமையாகும். அது உங்கள் தவறில்லை. ஆனால் அதற்கான கால அவகாசத்தை நீங்கள்தான் ஒதுக்க வேண்டும். வேற்று மொழி ஆவணங்களுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பும் கேட்பார்கள்.

ரொக்கமும் கிரிப்டோவும்

ரொக்கத்தின் பிரச்சினை, அதற்கு நினைவு இல்லை என்பதே. அதனால்தான் நாடுகள் அதன் மேல் வரம்பு வைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் வணிகரீதியான ரொக்கப் பரிமாற்றத்துக்கு 10,000 யூரோ உச்சவரம்பு விதித்திருக்கிறது, 2027 ஜூலையில் அமலுக்கு வருகிறது. இந்தியாவில் ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2017 ஏப்ரலிலிருந்து தடை. அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி அரசுக்குத் தெரிவிக்கும்.

இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் சிலர் தொகையைச் சிறுசிறு பகுதியாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் அறிக்கையைத் தவிர்ப்பதற்காகப் பிரிப்பதே குற்றம், பணம் முழுக்க நேர்மையானதாக இருந்தாலும். மற்ற நாடுகளிலும் அது வங்கியின் கண்ணில் உடனே படும் செயல். மொத்தமாக வங்கியில் கட்டினாலும் கேள்வி தீராது, ஒரு படி பின்னால் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கிரிப்டோவை 2018-இல் பணிக்குழு தன் விதிகளுக்குள் கொண்டுவந்தது. ரொக்கத்தோடு ஒப்பிட்டால் அதற்கு நினைவு உண்டு, பிளாக்செயின் என்ற அதன் பொதுப் பதிவேட்டில் எல்லாம் பதிவாகியிருக்கும். ஆனால் அதை வைத்திருக்கும் வாலட் (மின்னணுப் பணப்பை) உங்களுடையது என்பதையும், முதன்முதலில் எந்தப் பணத்தில் வாங்கினீர்கள் என்பதையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். பரிவர்த்தனைத் தளம் மூடப்பட்டுவிட்டால் பழைய பதிவுகள் கிடைக்காமல் போகலாம். சில வழக்கறிஞர்கள் கிரிப்டோ என்ற சொல்லைக் கேட்டதுமே வேறு ஆளைப் பாருங்கள் என்பார்கள். ஒரே தளத்தில், வங்கிக் கணக்கிலிருந்து வாங்கி, அதே கணக்குக்கு விற்றவர்களுக்கு மட்டுமே இது பரவாயில்லாத வழி. பல தளங்கள், பல நாணயங்கள் என்று சுற்றியிருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் காகிதம் தேட வேண்டும்.

சரி, அந்த 40 எது?

சம்பளம் 15, பங்குகள் 8, பெற்றோரின் அன்பளிப்பு 12. இவை 35. மீதி 5-க்கு நான் முதலில் வங்கியிடம்தான் போவேன், 65 தருவார்களா என்று கேட்க. வட்டி கூடும், ஆனால் வங்கியே தரும் கடனுக்கு மூலம் காட்டும் வேலை இல்லை. அது முடியாவிட்டால் அண்ணனின் கைமாற்று, கடன் என்றே எழுதி, வங்கிக்குச் சொல்லி, அவருடைய ஸ்டேட்மென்ட்டோடு. கிரிப்டோ அதற்குப் பிறகு, அதன் 4 போதவும் போதாது. பகுதிநேர வேலை ரொக்கத்தை, வரித் தாக்கலில் காட்டியிருந்து, வேலை கொடுத்தவரின் சீட்டுகளும் இருந்தால் மட்டுமே தொடுவேன். காட்டவில்லை என்றால், அதை வீட்டின் விலைக்குள் நுழைப்பதைவிட வரி ஆலோசகரிடம் போய் நேர் செய்வதுதான் முதல் வேலை.

எண்ணிக்கையும் முக்கியம். ஆறு இடத்திலிருந்து வரும் 40-ஐவிட மூன்று இடத்திலிருந்து வரும் 40 நல்லது. ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனிக் கேள்வி வரும், எல்லாவற்றிலும் மெதுவானது முடியும்வரை மற்றவையும் காத்திருக்கும். அதேபோல, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்க்க விரும்பினால் ஒரே தடவை மாற்றுங்கள். அழகாகத் தெரிய வேண்டும் என்று இங்கும் அங்கும் நகர்த்தினால், ஒவ்வொரு நகர்வும் விளக்க வேண்டிய இன்னொரு வரி.

கொடுக்கும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. வங்கிச் செயலியின் ஸ்கிரீன்ஷாட்டைவிட, பெயரும் கணக்கு எண்ணும் எல்லாப் பக்கங்களும் உள்ள முழு ஸ்டேட்மென்ட் மேல். தனிப்பட்ட செலவுகளைக் கறுப்பு மையால் மறைத்தால், மறைத்த இடத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும். பிரமாணப் பத்திரம் எல்லாவற்றிலும் பலவீனமானது, அது சத்தியம் செய்த நம் சொல் மட்டுமே. வேறு எதுவும் கிடைக்காதபோது அதோடு வரித் தாக்கல், பழைய முதலாளியின் கடிதம் என்று எதையாவது சேர்த்துக் கொடுக்கலாம். ஓர் ஆவணம் தொலைந்துவிட்டால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வழக்கறிஞர்கள் தொலைந்த காகிதத்துக்கு மாற்று வழி தேடித் தருவார்கள். பாதியில் கதை மாறினால்தான் நம்பிக்கை போகும்.

கூடவே ஒரு பக்கத்தில் தேதிவாரியாக எழுதி வையுங்கள்: இந்தத் தேதியில் இவ்வளவு, இங்கிருந்து, இந்த ஆவணத்தின் இத்தனையாம் பக்கத்தில். ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுபவருக்கு இதைவிட உதவி வேறில்லை. அனுப்பும்போது அலுவலகம் தரும் பாதுகாப்பான வழியில் அனுப்புங்கள். சொத்து வாங்குபவர்களின் மின்னஞ்சலுக்குள் நுழைந்து, வழக்கறிஞர் போலவே எழுதி, “எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது” என்று ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. பணம் அனுப்பும் முன், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு எண்ணைச் சரிபாருங்கள்.

சில சமயம் எல்லாம் கொடுத்த பிறகும் பதில் வராது. வழக்கறிஞருக்குச் சந்தேகம் வந்து அரசுக்குத் தெரிவித்திருந்தால், அதை உங்களிடம் சொல்வது அவருக்குச் சட்டப்படி தடை. ஆனால் மௌனத்துக்குப் பெரும்பாலும் காரணம் அதுவல்ல, வேலைப்பளுதான். வேறு ஏதாவது ஆவணம் வேண்டுமா என்று கேட்பதில் தவறே இல்லை. தேவைப்படும் ஆவணங்களின் பட்டியலையும் முதல் நாளே, முன்பணம் கட்டுவதற்கு முன்பே, எழுத்தில் வாங்கிவிடுங்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் பட்டியல் மாறும், அது கைக்கு வந்த பிறகு எந்தப் பணம் என்ற முடிவே மாறக்கூடும்.

எல்லாம் முடிந்து சாவி கைக்கு வந்தபின் அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளை இந்த வீட்டை விற்று வேறு வாங்கும்போது, அல்லது உங்கள் பிள்ளைக்கு நீங்கள் அன்பளிப்புக் கடிதம் எழுதும்போது, முதலில் கேட்கப்போவது அதைத்தான்.